அந்த ரசீது

நேற்று எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மறுபடியும் பார்க்கிங் சண்டை. "பில்டருக்குத் தனியா காசு கொடுத்து வாங்கின இடம் சார்" என்று மூன்றாவது மாடிக்காரர் ரசீதை நீட்டினார். கை நடுங்கியது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. ஏமாந்து நிற்பவர் அவர்தானே.

தூண்களுக்கு இடையிலான பார்க்கிங் பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 2016-இன் ரெரா என்ற ரியல் எஸ்டேட் சட்டம் திறந்தவெளி பார்க்கிங்கையும் பொதுப் பகுதி என்கிறது. பொதுப் பகுதிகளைச் சங்கத்தின் பெயருக்கு எழுதித் தருவது பில்டரின் கடமை. அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. எங்களுக்கு இன்னும் எழுதித் தரவில்லை. நாங்களும் கேட்காமல் இருந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பில்டருக்கு நோட்டீஸ் எழுத உட்காருகிறோம். அவரையும் கூப்பிட்டிருக்கிறேன், அந்த ரசீதோடு.