பழைய படங்கள் புகட்டும் பாடம்



அஞ்சல்தலை சேர்ப்பார் உளர். நாணயம் சேர்ப்பார் உளர். நாம் நெடுங்காலமாகச் சேர்த்து வருபவை அமெரிக்கக் கண்டங்களின் பழைய நிலப்படங்கள். அசற்படங்களை வாங்க ஆசிரியர் ஊதியம் இடங்கொடாது. ஆதலின், நூல்களிலும் நாட்காட்டிகளிலும் வெளிவந்த அச்சுப்படிகளே நமது செல்வம்.

1507-ஆம் ஆண்டில் மார்ட்டின் வால்ட்சீமுல்லர் என்னும் ஜெர்மானியர் 12 தாள்களில் உலகப் படமொன்றை வெளியிட்டார். ‘அமெரிக்கா’ என்னும் பெயர் முதன்முதலாக இடம்பெற்ற நிலப்படம் அதுவே. இத்தாலியரான அமெரிகோ வெஸ்புச்சியின் பெயரைத் தழுவி அப்பெயர் அமைந்தது. 1513-இல் வெளிவந்த அவரது படத்திலோ அப்பெயர் இல்லை; ‘அறியப்படாத நிலம்’ என்றே பொறிக்கப்பட்டிருந்தது. எனினும், பிறர் எடுத்தாண்டமையால் பெயர் நிலைத்துவிட்டது.

முதற்படம் ஆயிரம் படிகள் அச்சானதாகக் கூறுவர். சுவரில் மாட்டிய படம் கிழியும். புதியது வந்ததும் பழையதை எறிந்துவிடுவர். எஞ்சியது ஒன்றே ஒன்று! 1901-இல் ஜெர்மனியில் ஓர் அரண்மனை நூலகத்தில் அது கண்டெடுக்கப்பட்டது. 2003-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒரு கோடி டாலர் கொடுத்து அதனைப் பெற்றது.

நம் மனத்தை மிகக் கவர்ந்த படம் வேறொன்று. அதில் கலிபோர்னியா கடல் சூழ்ந்த தீவாகக் காட்சியளிக்கிறது! 17-ஆம் நூற்றாண்டில் ஒருவர் வரைந்ததைப் பார்த்து மற்றொருவர் வரைய, அப்பிழை நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தது. யூசேபியோ கினோ என்னும் பாதிரியார் பாலைநிலத்தில் நேரிற் சென்று கண்டு, தரைவழி உண்டென 1701-இல் படம் வரைந்து காட்டினார். அப்போதும் பலர் நம்பினாரல்லர். 1747-இல் ஸ்பெயின் மன்னரே அது தீவன்று என ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. அத்தகைய பிழைப்படங்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நூற்றுக்கணக்கில் பேணி வருகிறது. மனிதன் அறிவு பெற்ற வழியை அவை காட்டுகின்றன அன்றோ?

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்கள் எங்கிருந்தன, ஆலயம் எங்கிருந்தது, பள்ளிக்குச் சென்ற பாதை எது என்று நாளை பேரப்பிள்ளைகள் வினவின், விடை கூற ஒரு படமேனும் வேண்டாவோ?

மாணவர்களே, விடுமுறையில் நமது தோட்டத்தை நடந்து அளந்து வரைந்து வாருங்கள். பிறர் ஏட்டைப் பார்த்து வரையாதீர்கள். அவர் பிழையும் உங்கள் ஏட்டில் குடியேறும். பெற்றோர்களே, அத்தாள்களைப் பழைய தாளோடு தாளாக எறிந்துவிடாதீர்கள். படத்தில் பிழை இருப்பின் பின்வருவோர் திருத்துவர். வரையாத படத்தைத் திருத்துவார் எவருமிலர்.