பல்லுக்கு ஒரு சூளை

விருத்தாசலம் பீங்கானை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பழைய வீட்டு மெயின் போர்டில் வெள்ளை வெளேரென்று ஃப்யூஸ் கேரியர், ஷோகேஸில் பளபளக்கும் பொம்மை. சூளைக்குள் போகும்வரை அது வெறும் களிமண். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து வெளியே வந்தால் ஜென்மத்துக்கும் கரையாது.

‘‘பல்லையும் அப்படி வேக வைக்க முடியுமாடா?’’ என்று கேட்டார் என் அத்தை.

அந்த ஊர் யூனிட் ஒன்றில் முப்பது வருஷம் பொம்மைக்கு வர்ணம் தீட்டியவர். வயசு எழுபது. சர்க்கரை உண்டு. ஈறு இறங்கி, வேர் வெளியே தெரிந்த இடத்தில் சொத்தை. அடைத்தார்கள். இரண்டே வருஷத்தில் அதன் ஓரத்தில் மறுபடி சொத்தை. ‘‘அடைச்சது அப்படியே இருக்கு. சுத்தி இருந்த பல்லுதான் போயிடுச்சு. லேசர் வெச்சா வராதுங்கறாங்க. கேட்டுச் சொல்லு.’’

நான் படித்தது பி.காம். பற்று, வரவு தெரியும், பல் தெரியாது. விசாரித்ததில் தெரிந்துகொண்டது இது.

பல்லின் மேலுள்ள எனாமல் உடம்பிலேயே கெட்டியான பொருள். வேருக்கு அந்தக் கவசம் கிடையாது. கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகின்றன அல்லவா? எனாமல் கரைய பி.ஹெச். 5.5 அளவுக்கு இறங்க வேண்டும். வேரோ 6-க்கு மேலேயே கரைய ஆரம்பித்துவிடும். அடைத்த பொருளுக்கும் பல்லுக்கும் நடுவே விழும் இடுக்கு, கிருமிக்கு வாடகையில்லா வீடு.

லேசர் பிறந்தது 1960-ல். சில வருஷத்திலேயே பல்லிலும் அடித்துப் பார்த்தார்கள். அந்த ரூபி லேசரின் சூடு உள்ளே இருக்கும் நரம்பைப் பதம் பார்த்துவிடும் என்று பயந்தார்கள். 1964-ல் கார்பன் டை ஆக்சைடு லேசர் வந்தது. கண்டுபிடித்தவர் மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அதன் ஒளியைப் பல்லின் மேற்பரப்பே உறிஞ்சிக்கொள்ளும். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக விட்டுவிட்டு அடித்தால், மேலே மட்டும் பல நூறு டிகிரி ஏறும். தாதுவில் கலந்திருக்கும் கார்பனேட் வெளியேறும். பல்லைச் சுலபமாகக் கரைய வைப்பதே அந்தக் கார்பனேட்தான். கூடவே ஃப்ளூரைடும் சேர்ந்தால் பலன் அதிகம். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜான் ஃபெதர்ஸ்டோன் குழுவினர் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

‘‘அட, சூளைதான்!’’ என்றார் அத்தை. அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார்: ‘‘சூடு ஜாஸ்தியானா கீறல் விழுமே?’’

விழும். பிரச்னையே அதுதான். ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களில் செய்தவை. உயிருள்ள வாயில், அதுவும் வேரில், வருஷக்கணக்கில் பார்த்தவை குறைவு. இன்னொன்று, பல கிளினிக்குகளில் இருப்பது டயோடு லேசர். முக்கியமாக ஈறு வேலைக்கானது. அதனால் யாராவது ‘லேசர்’ என்றால், ‘எந்த லேசர்? எதற்கு?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

நிச்சயமாகப் பலன் தருபவை இன்னமும் சாதாரண சமாசாரங்கள்தான். ஃப்ளூரைடு பேஸ்ட்டால் தினம் இரண்டு தடவை துலக்கி, துப்பிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விடுவது. டாக்டரிடம் சில மாதங்களுக்கு ஒரு முறை ஃப்ளூரைடு வார்னிஷ். அடைக்கும்போது ஃப்ளூரைடு கசியும் கிளாஸ் அயனோமர். முக்கியமாக, இனிப்பு வாய்க்குள் போகும் தடவைகளைக் குறைப்பது.

அத்தை லேசரைத் தள்ளிப்போட்டுவிட்டார். வார்னிஷ் பூசிக்கொண்டார், ‘‘இந்த வேலை எனக்குப் பழக்கம்தான்’’ என்றபடி. டீயில் சர்க்கரையை அரை ஸ்பூனாக்கிவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று நான் இன்னும் கேட்கவில்லை.