எத்தனை கைகள்?

எட்வின் ஹபிள் 1926ஆம் ஆண்டில் விண்மீன் மண்டலங்களை வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தினார். அக்கால ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. ஆகவே சுருள் மண்டலங்களைப் பற்றிய முதல் தீர்ப்பில் இளம் நீல விண்மீன்களின் குரலே ஓங்கி ஒலித்தது. மாணவர்கள் இன்றும் முதலில் கற்பது அந்த வகைப்பாட்டைத்தான்.

அவ்விளம் விண்மீன்கள் பேரொளி உமிழ்பவை. ஆனால் எண்ணிக்கையில் குறைந்தவை, குறுகிய ஆயுள் கொண்டவை. விண்மீன்களின் மொத்த நிறையில் பெரும்பங்கு முதிர்ந்த, மங்கலான விண்மீன்களிடமே உள்ளது. அவற்றின் ஒளி அண்மை அகச்சிவப்பில் மேலோங்குகிறது. 2 மைக்ரான் அளவிலான அந்தக் கதிர்களை இடையிலுள்ள தூசு அதிகம் தடுப்பதுமில்லை.

இதன் விளைவு சிறிதன்று. டேவிட் பிளாக்கும் ரிச்சர்ட் வெயின்ஸ்கோட்டும் 1991இல் என்ஜிசி 309 என்னும் மண்டலத்தின் அகச்சிவப்புப் படத்தை வெளியிட்டனர். கண்ணுறு ஒளியில் பல கைகளுடன் தோன்றும் அம்மண்டலம், அகச்சிவப்பில் இரு கைகளோடு நின்றது. சுருளை உருவாக்கும் ஈர்ப்பலையை ஆராய்பவருக்கு இரண்டா, பலவா என்பதே அடிப்படைக் கேள்வி.

அலைநீளம் மேலும் கூடும்போது காட்சி மறுபடியும் மாறுகிறது. கண்ணுறு ஒளியில் கரிய கோடுகளாகத் தெரியும் தூசு, விண்மீன் ஒளியை உள்வாங்கி, நடு அகச்சிவப்பில் தானே ஒளிர்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் மறைத்த பொருளே காட்சிப் பொருளாகிறது.

தரையிலிருந்து இதைக் காண்பது எளிதன்று. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பை உறிஞ்சுகிறது; வானமே ஒளிர்கிறது. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4500 மீட்டர் உயரத்து வறண்ட காற்றில், 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி நிறுவப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கும் நோக்குபவர் மண்டலத்தை விட்டு விலகி வெற்று வானத்தைத் தனியே படமெடுத்து, அதன் ஒளியைக் கழிக்க வேண்டும். அக்கழித்தலில் சிறு பிழை நேர்ந்தாலும் மங்கிய வெளிக்கைகள் அழிந்துபோகும், அல்லது இல்லாத கைகள் முளைத்துவிடும்.

கண்ணுறு படம் பொய்யன்று. புதிய விண்மீன்கள் எங்கே பிறக்கின்றன என்பதற்கு அது சான்று. நிறை எங்கே உள்ளது என்பதற்கு அண்மை அகச்சிவப்பே சான்று. எனவே ஒரு மண்டலத்துக்கு எத்தனை கைகள் என எழுதும் மாணவர், எந்த அலைநீளத்தில் எண்ணினார் என்பதையும் அதே வரியில் எழுதுவது நல்லது.