அண்ணே, என் பஸ்ஸைக் காணோம்!

ராத்திரி மணி 12.20. ஹாஸ்டல்ல எல்லா ரூமிலும் லைட் ஆஃப். என் போன் மட்டும் ‘டிங்... டிங்...’னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. முதல் மெசேஜ் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன்கிட்ட இருந்து. ‘‘அண்ணே, என் பஸ்ஸைக் காணோம்!’’ அடுத்தது மெக்கானிக்கல் மச்சான் ஒருத்தன். ‘‘டேய், 29-வது ஸ்டாப்ல இருந்தேன்டா. இப்ப ஒண்ணாவது ஸ்டாப்ல நிக்குது. என்னடா பண்ணித் தொலைச்ச?’’ மூணாவது மெசேஜில் வார்த்தையே இல்லை. வரிசையா அழுகை பொம்மை.

பஸ் காணாமப் போனா டிப்போவுல போய்க் கேட்காம என்னை ஏன் கேட்கிறாங்கன்னு யோசிக்கிறீங்களா? அந்த பஸ்ஸை விட்டதே அடியேன்தான்!

விஷயம் இதுதான். கோவைப் பக்கம் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம் படிக்கிறேன். டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்காக நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு மொபைல் கேம் பண்ணினோம். பேரு ‘சில்லறை’. நீங்கதான் டவுன் பஸ் கண்டக்டர். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆள் ஏறுவாங்க. எட்டு ரூபா டிக்கெட்டுக்கு ஒருத்தர் நூறு ரூபா நீட்டுவார், ஒரு பாட்டி சுருக்குப் பையில இருந்து எண்ணி எண்ணி எடுப்பாங்க. அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள எல்லாருக்கும் டிக்கெட் கிழிச்சு, சரியா சில்லறை கொடுக்கணும். சில்லறை தீர்ந்துபோச்சோ, பஸ்ஸுக்குள்ள ரகளை! சேர்ற பாயின்ட்ல பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கலாம், ஹாரன் மாத்தலாம், முன் கண்ணாடியில நமக்குப் பிடிச்ச பேரை எழுதிக்கலாம்.

கோடிங் நான். படம் வரைஞ்சது ரூம்மேட். டெஸ்டிங் பார்த்தது ஒரு ஜூனியர் தங்கச்சி. ஆனா ஐடியா மூணு பேரோடதும் இல்லை. தாராபுரம் பக்கம் தனியார் டவுன் பஸ்ல 22 வருஷமா கண்டக்டரா இருக்கிற எங்கப்பாவோடது. ‘‘பின் படியில ஏர்றவங்ககிட்ட மொதல்ல வாங்கிப் போடோணும் சாமி. முன்னாடி நிக்கிறவன் எங்கயும் போயிர மாட்டான்’’னு அவர் போன்ல சொல்லச் சொல்ல, நான் அதை அப்படியே கேம்ல ஏத்தினேன்.

சிம்போசியத்துல செகண்ட் பிரைஸ். அன்னிக்கே வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு கேமை ஷேர் பண்ணினோம். சுமார் 60 பேர் ஆடினாங்க. கடைசியா சேர்ந்த ஆள் எங்கப்பா. டூட்டி முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு தினம் ஒரு ஸ்டாப், மிஞ்சிப்போனா ரெண்டு. பகல் பூரா டிக்கெட் கிழிச்சுட்டு ராத்திரியும் அதையேவா? அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. அவரோ சிரிச்சுக்கிட்டே தன் பஸ்ஸுக்கு நீலப் பெயின்ட் அடிச்சு, கண்ணாடியில செத்துப்போன அவங்கம்மா பேரை எழுதியிருந்தார்.

இப்ப என் கதைக்கு வர்றேன். முதல் ரெண்டு வாரத்துல நான் போட்ட அப்டேட் எத்தனை தெரியுமா? 11! ஒருத்தர் ‘ஹாரன் சத்தம் கம்மி’ன்னு சொன்னா அன்னிக்கு ராத்திரியே அப்டேட். ‘அந்தப் பாட்டி ரொம்ப லேட் பண்றாங்க’ன்னா உடனே பாட்டிக்கு ஸ்பீடு ஏத்தி இன்னொண்ணு. ‘செம ஃபாஸ்ட் மச்சி நீ’ன்னு குரூப்ல கைதட்டல் பொம்மை பறக்கும். அந்தக் கைதட்டலுக்கு நான் அடிமை ஆகிட்டேன்னுதான் சொல்லணும். தினம் ஒண்ணு போடலைன்னா கேமை மறந்துருவாங்களோன்னு ஒரு பயம் வேற.

ஒவ்வொரு அப்டேட்டும் 84 எம்.பி. பதினொண்ணுக்கும் கணக்குப் போட்டா 924 எம்.பி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டாவுல அசைன்மென்ட், படம், கிரிக்கெட் எல்லாத்தையும் ஓட்டுற ஜனங்ககிட்ட இருந்து அதைப் பிடுங்கியிருக்கோம்னு எனக்கு உறைக்கவே இல்லை. ஒருத்தன் நேராவே கேட்டான்: ‘‘ஏன்டா, கேம் ஆடுறதுக்கா, டவுன்லோடு பண்றதுக்காடா?’’ ஜோக்குன்னு நினைச்சு சிரிச்சுட்டேன்.

பன்னிரண்டாவது அப்டேட் அன்னிக்கு ஜூனியருக்கு மறுநாள் இன்டர்னல் எக்ஸாம். ‘‘அண்ணா, பழைய சேவ் இருக்கிற போன்ல நான் டெஸ்ட் பண்ணவே இல்ல. நாளைக்கு சாயங்காலம் பார்த்துட்டுப் போடலாமே’’ன்னு சொன்னா. ‘‘சின்ன சேஞ்ச்தாம்மா’’ன்னு நான் 11.40-க்கு அனுப்பிட்டேன். சின்ன சேஞ்சுதான். சேவ் ஃபைல்ல ‘லெவல்’னு இருந்த ஒரு பேரை, பார்க்க அழகா இருக்கட்டும்னு ‘ஸ்டாப்’னு மாத்தியிருந்தேன். பழைய ஃபைலைத் திறந்த புது கேம் ‘ஸ்டாப்’ எங்கேன்னு தேடுச்சு. கிடைக்கலை. சரி, இவர் புது ஆள் போலன்னு முடிவு பண்ணி, புதுசா ஒரு ஃபைல் எழுதிருச்சு. எங்கே எழுதுச்சு? பழைய ஃபைல் மேலேயே! ஒரு வார்த்தை மாத்தினதுல, அந்த ராத்திரி அப்டேட் பண்ணின எல்லாருடைய பஸ்ஸும் காலி. திரும்ப எடுக்க வழியே கிடையாது.

அப்பாவுக்கு விடியற்காலை போன் போட்டேன். ஃபர்ஸ்ட் டிரிப்புக்குக் கிளம்பிட்டிருந்தார். 37-வது ஸ்டாப் வரைக்கும் வந்திருந்தாராம். ‘‘போச்சாது உடு சாமி. மறுக்கா மொதல்ல இருந்து ஓட்டிக்கலாம்’’னார். திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். ஜூனியர் திட்டலை, சண்டையும் போடலை. தன் டெஸ்டிங் நோட்டை என் டேபிள் மேல வச்சுட்டு, குரூப்பை விட்டு வெளிய போயிட்டா. அந்த நோட்டுல 23 பக் வரிசையா எழுதியிருந்தது. அதுல ஒன்பதுதான் நான் சரி பண்ணியிருந்தேன். மீதியெல்லாம் அப்படியே இருக்க, ஹாரனுக்கும் பாட்டிக்கும் அப்டேட் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்புறம்தான், பெரிய ஆளுங்க இதை எப்படிச் சமாளிச்சாங்கன்னு தேடித் தேடிப் படிச்சேன். அடேங்கப்பா, நம்ம சொந்தக்காரங்க உலகம் பூரா இருக்காங்க!

கனடாவின் பாலிட்ரான் கம்பெனி பண்ணின ‘ஃபெஸ்’னு ஒரு கேம். 2012 ஏப்ரலில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்துச்சு. ஜூன்ல ஒரு பேட்ச் விட்டாங்க. நிறைய பக் சரியாச்சு, ஆனா கொஞ்சம் பேருக்கு சேவ் ஃபைல் கெட்டுப்போச்சு. அந்தக் கொஞ்சம் பேர் 1 சதவீதத்துக்கும் கம்மிதான்னு கம்பெனி சொல்லுச்சு. பேட்சைத் திரும்ப எடுத்தாங்க. சரி பண்ணி மறுபடி விட வேண்டியதுதானே? அங்கதான் சிக்கல். அந்தக் காலத்துல எக்ஸ்பாக்ஸ்ல இன்னொரு பேட்ச் விடணும்னா மைக்ரோசாஃப்ட் மறுபடி சோதிச்சு சர்ட்டிஃபிகேட் தரணும். அதுக்குப் பல்லாயிரம் டாலர் செலவாகும்னு சொல்லி, ஜூலையில அதே பழைய பேட்சையே திரும்ப விட்டுட்டாங்க! பெரும்பாலானவங்களுக்கு நல்லதுதானேங்கிறது அவங்க கணக்கு. 2013-ல மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை எடுத்துருச்சு. எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கலை. அந்த ஒரு சதவீதத்துல ஒருத்தர் கயித்துக் கட்டில்ல படுத்திருந்தா?

அதுக்கு நேர் எதிர், போலந்துக்காரங்க பண்ணின ‘சைபர்பங்க் 2077’. 2020 டிசம்பர் 10-ல ரிலீஸ். பழைய கன்சோல்ல அது ஓடின லட்சணத்தைப் பார்த்து, ஒரு வாரத்துல சோனி தன் கடையில இருந்தே எடுத்துருச்சு. கம்ப்யூட்டர்ல வேற ஒரு கூத்து. சேவ் ஃபைல் 8 எம்.பி.யைத் தாண்டினா அது கெட்டே போயிரும். அதாவது, ரொம்ப ஆசையா நிறைய நாள் ஆடினவனுக்குத்தான் ஆப்பு! டிசம்பர் 23-லயே அந்த லிமிட்டை எடுத்து ஒரு அவசரத் திருத்தம் விட்டாங்க. ஆனா, அதுக்குள்ள கெட்டுப்போனது கெட்டதுதான். 2021 ஜனவரியில வந்த அடுத்த பெரிய பேட்ச் ஒரு மிஷனையே நடுவுல நிக்க வச்சிருச்சு. அதைச் சரி பண்ண ஒரு வாரத்துக்குள்ள இன்னொரு திருத்தம். பக்கை அடிக்கப் போய் பக்கைப் பெத்த கதையில நான் தனி ஆள் இல்லைன்னு ஒரு அல்ப சந்தோஷம்.

அதுக்காக மெதுவா போறதெல்லாம் நல்லதுன்னு ஆகிடாது. ‘ஜி.டி.ஏ. ஆன்லைன்’ 2013-ல இருந்து இருக்கு. அதுக்குள்ள நுழையறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சுட்டு வந்துரலாம்னு வருஷக்கணக்கா எல்லாரும் புலம்பினாங்க. 2021-ல வெளி ஆள் ஒருத்தர், சோர்ஸ் கோடு கையில இல்லாமலேயே உள்ளே குடைஞ்சு பார்த்திருக்கார். கடையில விக்கிற 63 ஆயிரம் சாமான் பட்டியல், 10 எம்.பி. டெக்ஸ்ட். கேம் ஒவ்வொரு சாமானைப் படிக்கும்போதும் மீதி டெக்ஸ்ட் எவ்வளவு நீளம்னு கடைசி வரைக்கும் மறுபடி எண்ணியிருக்கு! நம்ம லேப்ல இப்படி எழுதினா ரெக்கார்டு நோட்டு மூஞ்சியில பறக்கும். அவர் சரி பண்ணினதும் அவர் கம்ப்யூட்டர்ல ஆறு நிமிஷம் ஆனது ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்துருச்சு. ராக்ஸ்டார் கம்பெனி அதை ஒத்துக்கிட்டு, 10,000 டாலர் பரிசு கொடுத்து, அடுத்த சில வாரத்துல எல்லாருக்கும் அப்டேட் விட்டுச்சு. அந்த ஏழு வருஷத்துல அந்த கேமுக்கு வராத அப்டேட்டா? புது கார், புது துப்பாக்கின்னு வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. வாசல் கதவு மட்டும் திறக்கலை. என் ஹாரன் கதையேதான்.

இன்னொரு பக்கம் ‘ஸ்டார்கிராஃப்ட்’. 1998-ல வந்த கேம். எந்தப் படைக்கு எவ்வளவு பலம்ங்கிற கணக்கை 2001-க்கு அப்புறம் மாத்தவே இல்லை. தென்கொரியாவுல அதை வச்சு டி.வி.யில லீக் நடத்தினாங்க. ஏதாவது ஒரு படை ஓவரா ஜெயிச்சா மேப்பை மாத்தினாங்களே ஒழிய கேமைத் தொடலை. ஆடறவன் கை பழகணும்னா, பழகின இடம் அங்கேயே இருக்கணும் இல்லையா? நான் என்னடான்னா, பாட்டியோட ஸ்பீடை மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டு இருந்தேன்.

சரி, கேம் பண்றவங்க எத்தனை நாளைக்கு ஒரு தடவை அப்டேட் விடணும்? என்கிட்ட இப்ப இருக்கிற பதில் இது. ஆடினவனோட சேவ் அழியுது, கேம் திறக்கவே மாட்டேங்குதுன்னா அன்னிக்கே விடணும். அதை மட்டும் விடணும், கூட ஹாரனைச் சேர்த்துக் கட்டக் கூடாது. மத்ததெல்லாம் ரெண்டு வாரம் காத்திருக்கட்டும், ஒண்ணும் குடி முழுகாது. கேமோட கணக்கையே மாத்துற விஷயம்னா ஒரு செமஸ்டருக்கு ஒரு தடவைகூட அதிகம். ‘வாரா வாரம் புதுசு கொடுத்தாத்தான் ஆளு நிப்பாங்க, பெரிய கேமெல்லாம் அப்படித்தானே’ன்னு ரூம்மேட் இன்னமும் வாதாடறான். உண்மைதான். ஆனா, அந்த வேகத்துல ஓடின ‘ஃபோர்ட்நைட்’ கேமுக்காக வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை பார்த்ததா அந்த கம்பெனி ஆளுங்க சொன்னது 2019-ல பத்திரிகையிலயே வந்துச்சு. எங்க டீம்ல மூணே பேர். அதுல ஒருத்திக்கு மறுநாள் எக்ஸாம்.

ஜூனியரைப் பார்த்து ஸாரி சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆச்சு. கேன்டீன்ல வச்சு சொன்னேன். அவ ஒரு கண்டிஷன் போட்டா: ‘‘நான் ஓகே சொன்னாத்தான் வெர்ஷன் வெளிய போகணும். நீங்க சீனியர்ங்கிறதெல்லாம் அதுல கிடையாது.’’ ஒத்துக்கிட்டேன். இப்ப சேவ் ஃபைலுக்கு வெர்ஷன் நம்பர் இருக்கு. புதுசு எழுதறதுக்கு முன்னாடி பழையதுக்கு ஒரு காப்பி எடுத்து வைக்குது. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, வைஃபை இருக்கிற நேரத்துல அப்டேட். குரூப்ல 60 பேர் 34 ஆகிட்டாங்க. கைதட்டல் பொம்மையும் குறைஞ்சு போச்சு. நோட்டுல மிச்சம் இருந்த 14-ல 11 முடிஞ்சிருக்கு.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவோட காக்கிச் சட்டையைத் துவைக்கப் போடும்போது பாக்கெட்டைத் துழாவினேன். பழைய டிக்கெட் தாள் ஒண்ணு. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவுல தேதி போட்டு எழுதியிருந்தார்: ‘ஸ்டாப் 10 – பாயின்ட் 1,180. ஸ்டாப் 11 – 1,265. ஸ்டாப் 12 – 1,340.’ என்னப்பா இதுன்னு கேட்டேன்.

‘‘ஒண்ணுமில்ல சாமி. நீ அடுத்தது எப்பப் போடுவியோன்னு... ஒரு கணக்குக்கு’’ன்னு சொல்லிட்டு, அந்தத் தாளை வாங்கி மடிச்சு, மறுபடி பையில வச்சுக்கிட்டார்.