மழை நாளில் ஒரு காணச் சாறு

மழையைக் கண்டால் கவிதை வருகிறது என்று எங்கள் வகுப்பில் சிலர் சொல்வார்கள். எனக்கோ காணச் சாற்றின் மணம்தான் வரும். மற்ற ஊர்க்காரர்கள் கொள்ளு என்பதைத்தான் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் காணம் என்கிறோம்.

அது 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் எட்டாம் வகுப்பு. அப்பாவுக்குக் கப்பலில் வேலை. அம்மா முந்தின நாள்தான் பெரியம்மாவைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார்கள். மறுநாள் மாலை வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மழையோ பிடித்தது விடவேயில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது என்பதெல்லாம் பிறகு அறிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்தது, மின்சாரம் இல்லை, போன் பேசவில்லை, தெருத் தண்ணீர் எங்கள் வாசலில் இரண்டாம் படிக்கு ஏறிவிட்டது என்பவைதாம். வீட்டில் நானும் தம்பியும் ஆச்சியும்.

ஆச்சிக்கு அவ்வருடம் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். அம்மாதான் ஊட்டிவிடுவார்கள். நான் ஊட்டமாட்டேன். வாயோரம் வழிவதைப் பார்க்க எனக்கு அருவருப்பு. இதை எழுத வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

திங்கட்கிழமை காலையிலும் அம்மா வரவில்லை. இரவு நான் தட்டில் வைத்த பிஸ்கட்டை ஆச்சி தொடவேயில்லை. இருந்தது அரிசியும் ஒரு டப்பா காணமும்தான். டப்பாவைக் கட்டிலருகே கொண்டுபோய், "ஆச்சி, சாறு வைக்கட்டுமா?" என்றேன். ஆச்சி இடக்கையை வட்டமாகச் சுழற்றிக் காட்டினார்கள். வறுக்கச் சொல்கிறார்கள்! காணத்தை முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். அதற்கு நேரமில்லாதபோது வறுத்துப் போட்டால்தான் வேகும்.

வாசம் வரும்வரை வறுத்து, குக்கரில் நிறையத் தண்ணீர் விட்டு, எட்டு விசில் வைத்தேன். மிக்சி ஓடாதே! பின்கட்டு அம்மியில்தான் அரைக்க வேண்டும். தம்பி குடை பிடித்தான், பாதி மழை என் முதுகில். மிளகு எவ்வளவு என்று கேட்க உள்ளே ஓடினேன். ஆச்சி உள்ளங்கையை விரித்தார்கள். நான் போட்டதில் பாதியைத் தள்ளிவிட்டார்கள். சீரகத்துக்கு இன்னும் போடு என்று விரலை அசைத்தார்கள். பூண்டுக்கு ஐந்து விரல். அவற்றோடு வெந்த காணம் ஒரு பிடி வைத்து அரைத்தேன். அப்போதுதான் சாறு திடமாக இருக்கும். காணம் வடித்த நீரில் புளியைக் கரைத்து, மஞ்சள்தூளும் உப்பும் அரைத்ததும் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கினேன். கொதிக்க விட்டால் ருசி போய்விடும் என்று அம்மா சொல்வார்கள். கடுகும் வற்றல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியபோது, தம்பி தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டான்.

ஆச்சிக்குச் சோற்றைக் குழைத்து, வெந்த காணத்தையும் கொஞ்சம் மசித்து, சாறு ஊற்றிக் கொண்டுபோனேன். ஊட்ட என்னைவிட்டால் யார்? முதல் கரண்டி வழிந்தது. துண்டால் துடைத்தேன். இரண்டாவது கரண்டிக்கு ஆச்சி தாமாகவே வாயைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு அருவருப்பு ஞாபகமே வரவில்லை. கிண்ணம் தீரும் நேரத்தில் மெல்லுவதை நிறுத்தி, இடக்கையில் எதையோ துப்பினார்கள். ஒரு சின்னக் கல். ஐயோ! கல் அரிக்க மறந்தே போனேன்.

புதன்கிழமை மத்தியானம், முழங்கால் தண்ணீரில் நடந்து அம்மா வந்து சேர்ந்தார்கள். தம்பியும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். ஆச்சி அழவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் கல்லை எடுத்து அம்மாவிடம் நீட்டி, என்னைக் காட்டிக் குழறலாக ஏதோ சொன்னார்கள். எனக்குப் புரியவில்லை. அம்மா சிரித்துவிட்டார்கள்.

"ஆச்சி என்னம்மா சொல்றாங்க?"

"நாளைக்கும் நீதான் சாறு வைக்கணுமாம். கல் இல்லாம."