ஊசியிலை எண்ணிப் போகும் சாலை

கலிபோர்னியாவின் 18ஆம் எண் மாநிலச் சாலை, சான் பெர்னார்டினோ நகரில் கடைகளும் சிக்னல்களுமாகத்தான் தொடங்குகிறது. ஊர் முடிந்ததும் மலை. வளைந்து வளைந்து ஏறி, கிரெஸ்ட்லைன் அருகே விளிம்பைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தால், கோடைப் பிற்பகல்களில் கீழே ஊர் தெரியாது. பழுப்புப் படலம்தான் தெரியும். 1915இல் இந்தப் பாதையைத் திறந்தவர்கள், காட்சியை நினைத்து ‘உலகின் விளிம்பு’ என்று பெயர் வைத்தார்கள்.

படலம் பிறந்த இடம் லாஸ் ஏஞ்சல்ஸ் படுகை. வண்டிகள் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் வெயில் பட்டு ஓசோனை உண்டாக்குகின்றன. 1950களின் தொடக்கத்தில் இதை விளக்கியவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அதற்கு முன் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப்பழ மணத்தை! கடற்காற்று இந்தப் புகையைக் கிழக்கே தள்ள, பிற்பகலில் அது மலையேறி வந்துவிடுகிறது.

கிரெஸ்ட்லைனில் ஒரு பாண்டரோசா பைன் கிளையைத் தாழ்த்திப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சிக்கும் கிளையில் ஒரு தழும்பு வளையம் உண்டு. இரண்டு வளையங்களுக்கு இடையே அந்த ஆண்டின் ஊசியிலைகள். நல்ல மரம் மூன்று, நான்கு ஆண்டு இலைகளைத் தாங்கி நிற்கும். புகை கண்ட மரத்தில் நுனியில் மட்டும் ஒரு கொத்து, அதற்குப் பின்னால் மொட்டைக் குச்சி. மிஞ்சிய பழைய இலைகளிலும் ஓரம் கலங்கிய மஞ்சள் புள்ளிகள். 1950களில் காரணம் தெரியாமல் இதை ‘எக்ஸ் நோய்’ என்றார்கள். 1960களின் தொடக்கத்தில் பால் மில்லரும் உடனிருந்தவர்களும் இலைகளில் ஓசோனைச் செலுத்தி, அதே புள்ளிகளை வரவழைத்துக் காட்டினார்கள்.

ரன்னிங் ஸ்பிரிங்ஸ் வரை சாலை விளிம்பிலேயே ஓடுகிறது. இப்படி இலை குறைந்த மரத்துக்கு உணவு குறைவு, பிசினும் குறைவு. பட்டையைத் துளைக்கும் வண்டைப் பிசினால்தான் பைன் வெளியே தள்ளும். அந்தப் பலம் போனால் வண்டு ஜெயிக்கும். 2000களின் தொடக்கத்தில் வறட்சியும் சேர்ந்துகொள்ள, இந்தச் சரிவுகளில் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2003 அக்டோபரில் பெருந்தீ.

கிழக்கே போகப் போகப் புகை மெலிகிறது, கிளையில் வளையங்கள் கூடுகின்றன. பிக் பேர் ஏரி 2,000 மீட்டருக்கு மேல். ஜெஃப்ரி பைனின் பட்டையில் மூக்கை வைத்தால் வனிலா மணம். அன்னாசி மணம் என்பவர்களும் உண்டு. இந்த உயரத்தில் புறஊதாக் கதிர் கடுமை. ஆனால் ஊசியிலை அதற்குத் தயாராகவே இருக்கிறது: மேலே மெழுகு, அடியில் தடித்த தோல், தோலுக்குள் கதிரை உறிஞ்சும் ஃபீனால் சேர்மங்கள். முற்றிய இலையின் தோலைத் தாண்டிப் புறஊதா-பி ஏறக்குறைய உள்ளே போவதே இல்லை.

வானத்து உச்சியில் இந்தக் கதிரைத் தடுப்பதும் ஓசோன்தான். தரையில் அதே ஓசோன் தோலைச் சீண்டுவதில்லை. கரியமில வாயுவுக்காக மரம் திறந்து வைத்திருக்கும் இலைத்துளை வழியே நுழைகிறது. துளையை மூடினால் பட்டினி, திறந்தால் நஞ்சு. வறண்ட கோடையில் தண்ணீர் சிக்கனத்துக்காக மரம் துளையைச் சுருக்கும்போது, ஓசோனும் குறைவாகவே புகும். தாகம்தான் அதற்குக் கவசம்.

1975 முதல் புதிய கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி வந்தது, காற்றும் தெளிந்துவந்தது. ஆனாலும் அமெரிக்காவில் ஓசோன் மிகுந்த இடங்களில் இன்றும் கிரெஸ்ட்லைன் ஒன்று.

ஏரியைத் தாண்டி வடக்கே இறங்கினால் பின்யன் பைன், ஜூனிப்பர், பிறகு பாலைவனத்து ஜோஷுவா மரங்கள். விக்டர்வில் வழியாகச் சென்று லியானோ அருகே சாலை முடிகிறது. மலையைச் சுற்றி அதன் முதுகுப்புறம் வந்து சேர்ந்திருக்கிறோம். படுகையின் புகைக்கு இந்தச் சுற்று வேண்டாம். கஹோன் கணவாய் வழியாக நேரே இங்கே வந்துவிடும்.