விளக்குக் கண்ணாடியை எப்போது துடைப்பது?



மறுபடியும் அட்வெந்து காலம் வந்திருக்கிறது. இந்த நாட்கள் வந்தாலே எனக்கு 2023 டிசம்பர் 17-ஆம் தேதி நினைவுக்கு வந்துவிடும். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தாமிரபரணிக் கரை ஊர்கள் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன.

அன்று அட்வெந்து மூன்றாம் ஞாயிறு. அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னிகைகளைப் பற்றி நான் பேசியிருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தவனுக்குப் பேசவா தெரியாது? "ஆயத்தமாயிருங்கள், ஆயத்தமாயிருங்கள்" என்று அரை மணி நேரம் முழங்கிவிட்டு, சுக்குக் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு இரவு கரண்ட் போனது. எமர்ஜென்சி விளக்கை எடுத்தேன், சார்ஜ் இல்லை. டார்ச்சைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே பேட்டரி கசிந்து, உப்புப் பூத்து ஒட்டிக் கிடந்தது. என் மனைவி இருட்டிலேயே அடுக்களைக்குப் போய், பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருந்த மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து வந்தாள். மழை எச்சரிக்கையைக் கேட்டதுமே குடம், தவலை, பக்கெட் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். "போன வாரம் ஊருக்கெல்லாம் சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். நாங்கள் சிறுபிள்ளைகளாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் அரிக்கேன் விளக்குதான். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் அம்மா கண்ணாடியைக் கழற்றி, சாம்பல் தொட்டு, பழந்துணியால் துடைப்பாள். திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி, திண்ணையில் வைத்துவிடுவாள். "வெளிச்சம் இருக்கும்போதே எதுக்கும்மா?" என்று கேட்டால், "இருட்டுன பிறகு அழுக்கு தெரியுமாலே?" என்பாள். அம்மா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள்.

அந்த உவமையில் சிறுவயதிலிருந்தே எனக்கு ஒரு குறை உண்டு. புத்தியுள்ள ஐந்து பேரும் எண்ணெயைக் கொஞ்சம் பகிர்ந்து கொடுத்திருக்கக் கூடாதா? அதற்கும் பதில் அந்த இரவில்தான் எனக்குக் கிடைத்தது.

எனக்கு ஒரே தம்பி. ஏரலில் இருக்கிறான். அப்பா காலமான பிறகு, பூர்வீகக் கிணற்றுப் பங்கு விஷயமாக எங்களுக்குள் வாய்த்தகராறு வந்தது. நான் மூத்தவன் என்ற திமிரில், சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை அவன் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் "இந்தக் கிறிஸ்துமஸுக்குப் போய்ப் பார்த்துவிடுவோம்" என்று நினைப்பேன். பிறகு, "அவன் சின்னவன்தானே, அவன் வரட்டும்" என்று விட்டுவிடுவேன். இந்த நிலையிலேயேதான் மாதாமாதம் திருவிருந்திலும் பங்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏரல் மூழ்கிவிட்டது என்று மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. மனைவியும் நானும் முழங்காலில் நின்றோம். என்னால் ஜெபிக்க முடியவில்லை. அவள் ஜெபித்தாள். அவளுடைய மெழுகுவர்த்தியில் எனக்கு வெளிச்சம் கிடைத்தது, அவளுடைய ஜெபத்தில் ஆறுதலும் கிடைத்தது. ஆனால் தம்பியிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் எப்படிக் கேட்க முடியும்? கடன் வாங்க முடியாத எண்ணெய் அதுதான் என்று புரிந்தது. அவன் போய்விட்டிருந்தால் எனக்குக் கதவு அடைபட்டதுதான்.

பாதை திறந்ததும் போனேன். நெஞ்சு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு சுவரில் தெரிந்தது. தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேறு அள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டான். "வாங்கண்ணே. சாப்பிட்டீங்களா?" என்றான். அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிய வழியில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் என் வாயில் வரவில்லை. "தப்புடா, நான் பேசினது தப்பு" என்று மட்டும் சொன்னேன். அவன் பிள்ளைகளும் அப்போது அங்கேதான் நின்றார்கள். அது நல்லதாய்ப் போயிற்று. பிறகு நானும் ஒரு சட்டியை எடுத்துச் சேறு அள்ளினேன்.

ஆயத்தம் என்றால் கண்விழித்துப் பயந்துகொண்டிருப்பது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். உவமையில் பத்துப் பேருமே தூங்கிவிட்டார்களே! புத்தியுள்ளவர்கள் எண்ணெய் எடுத்து வைத்துவிட்டுத் தூங்கினார்கள், அவ்வளவுதான். வயதான நமக்கு இது பெரிய ஆறுதல்.

இப்போது படுக்கப் போகுமுன் மூன்று காரியம் பார்க்கிறேன். இன்று யாரையாவது நோகப் பேசினேனா? நாளைக்கு என்று தள்ளி வைத்த நல்ல காரியம் ஏதும் உண்டா? யாருக்காவது போன் போட வேண்டுமா? போட வேண்டுமென்றால், மணி ஒன்பதானாலும் போட்டுவிடுகிறேன். டார்ச்சுக்குப் புது பேட்டரியும் வாங்கியாயிற்று.

வாசிக்கிற உங்களுக்கும் ஒரு ஏரல் இருக்கலாம். இந்தக் கிறிஸ்துமஸுக்குள் ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே கண்ணாடியைத் துடைத்து வைப்போம்.